ராட்சதன் விழுந்த நிமிடம்

பெரிய உடம்புள்ள ஒருவர் வெல்லும்போது, வென்றது அவரா, அவருடைய உடம்பா? ஒன்பது வயதில் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. இன்றுவரை பதில் தெரியாது. இப்போது எனக்கு ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். கிண்டர்கார்டனில் மற்ற எல்லாப் பிள்ளைகளையும்விட ஒரு தலை உயரம். போன மாதம் அங்கே குழுப்படம் எடுத்த அன்று, "கொஞ்சம் குனிஞ்சு நில் ராசா" என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். படம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் நேராக நிற்க, என் மகன் மட்டும் எதையோ தொலைத்தவன்போல் குனிந்து நிற்கிறான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் மூன்றாம் வகுப்புப் படித்தேன். அந்த வகுப்பில் நான்தான் உயரம், நான்தான் பருமன். ஜிம் பாடத்தில் ஃபோல்கர்பால் விளையாடுவோம். பந்தால் எறிந்து எதிரணியை வெளியே அனுப்பும் விளையாட்டு. பந்து பட்டவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். அங்கிருந்து எறிந்த பந்து எதிரணியில் ஒருவர்மேல் பட்டால் மறுபடி உள்ளே வரலாம். என் எறி பட்டால் வலிக்கும் என்று பேர் வந்துவிட்டது. "அவள் பெருசு, அதனால்தான் வெல்கிறாள்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு வியாழக்கிழமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுசி, குரல் உயர்த்தத் தெரியாதவர். திங்கட்கிழமை பக்கத்து வகுப்போடு போட்டி இருக்கிறது, அதில் நீ விளையாடாமல் விசில் ஊதி நடுவராக இருக்கிறாயா, யோசித்து திங்கள் காலை சொல் என்றார்.

விசில் என்பது பெரிய மரியாதைதான். ஆனால் தண்டனையை மிட்டாய்த்தாளில் சுற்றித் தந்தால் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் அம்மா, "ரீச்சர் சொன்னா கேட்கவேணும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் ராட்சதன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

அப்போதெல்லாம் அங்கிருந்த தமிழர் எங்களில் யாரிடமும் சொந்தமாக வீடியோ டெக் கிடையாது. நாலு குடும்பம் சேர்ந்து வார இறுதிக்கு ஒன்றை வாடகைக்கு எடுப்போம். சூரிச்சிலிருந்து ஒரு அண்ணை சனி மதியம் காரில் கொண்டுவந்து பூட்டித் தருவார், ஞாயிறு பின்னேரம் கழற்றிக்கொண்டு போவார். படக் கசெட் மட்டும் வீடு வீடாகச் சுற்றும். போன வாரம் பார்த்த வீட்டிலிருந்து அதை வாங்கி வருவது என் மாமாவின் பொறுப்பு. மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஆறடி மூன்றங்குலம். பக்கத்திலிருந்த இரும்புத் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வேலை. ஊரில் அவர் படவரைஞர். கட்டட வரைபடம் கீறுகிறவர். வரும்போது கொண்டுவந்தது இரண்டு சேர்ட்டும் ஒரு கருவிப்பெட்டியும்தான் என்று அம்மா சொல்வார். கவராயமும் கூரான கத்தியும் எஃகு அடிமட்டமும் நீல வெல்வெட்டில் படுத்திருக்கும் அந்தப் பெட்டியை நான் தொடக்கூடாது.

அன்று எங்கள் வரவேற்பறையில் பதினாறு பேர். கதிரைகள் போதாமல் பாதிப்பேர் கம்பளத்தில் இருந்தார்கள். கீழ்வீட்டு அன்ரி ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். படம் துக்கப்படம் என்று கேள்விப்பட்டு கண் துடைக்க இரண்டு கைலேஞ்சியும் கொண்டுவந்திருந்தார். திரைச்சீலையை இழுத்து மூடினோம். டெக்கில் எழுதியிருந்ததெல்லாம் ஜெர்மன் என்பதால் பொத்தான் அமத்துகிற வேலை எப்போதும் எனக்கு. அமத்தினேன்.

கறுப்பு வெள்ளையில் ஒரு குத்துச்சண்டை மேடை வந்தது. இத்தாலி மொழியில் ஒருவர் மூச்சுவிடாமல் கதைத்தார்.

"விளம்பரமாக்கும்" என்றார் அன்ரி.

ஐந்து நிமிடமாகியும் விளம்பரம் முடியவில்லை. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கசெட் வந்த பையைப் பார்த்தார். தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில் அவருடைய கொக்கிக்குப் பக்கத்துக் கொக்கி ஒரு இத்தாலியருடையது. வேலைக்குப் போகும் வழியில் எங்கள் படத்தை வாங்கிய மாமாவும் அவரும் ஒரே கடைப் பையில் கசெட்டைப் போட்டுக் கொழுவியிருக்கிறார்கள். வேலை முடிந்த அவசரத்தில் மாமா பையை மாறி எடுத்துவந்துவிட்டார்.

"அப்ப எங்கட படம்?"

"அந்த இத்தாலிக்காரன்ர வீட்டில ஓடிக்கொண்டிருக்கும், அக்கா."

அம்மா நெற்றியில் கைவைத்தார். அன்ரி கைலேஞ்சிகளை மடித்துப் பைக்குள் வைத்தார். டெக்கோ ஞாயிறுவரை எங்களுடையது. ரோல்ஸும் சூடாக இருந்தது. ஆகவே பார்த்தோம்.

மேடையில் ஒரு ராட்சதன் ஏறினான். கயிற்றுக்கு மேலாலேயே காலைத் தூக்கிப் போட்டு உள்ளே வந்தான். எதிராளி அவன் நெஞ்சுக்கு வந்தான். அறை முழுக்கச் சிரிப்பு. மாமாவுக்கு அந்தக் கதை கொஞ்சம் தெரிந்திருந்தது, இத்தாலியர் வேலை நேரத்தில் சொல்லியிருக்கிறார். மர ஆலையில் வேலை செய்த ஏழைப் பெடியனாம். சந்தைகளில் பாரம் தூக்கிக் காட்டிப் பிழைத்தவனாம். யாரோ பிடித்துக் குத்துச்சண்டைக்குக் கொண்டுபோய் விட்டார்களாம். உலகப் பட்டமும் வென்றானாம். ஆனால் அவன் வென்றதெல்லாம் முன்கூட்டிப் பேசி வைத்தது, அவனுக்கு ஒரு கலையும் தெரியாது, வெறும் மாமிசமலை என்று ஊரெல்லாம் கதை.

"கதையில என்ன பிழை? உண்மைதானே" என்றார் அப்பா. அவர் ஊரில் கணித வாத்தியார். "லொறி வந்து சைக்கிளில மோதினா, லொறி திறமைசாலி எண்டு சொல்லுவியோ மச்சான்?"

"லொறியை ஓட்டவும் ஆருக்கோ தெரியவேணும் அத்தான்."

இப்படித்தான் தொடங்கியது. முதல் சுற்றில் எல்லோரும் சிறியவனின் பக்கம். இரண்டாம் சுற்றில் மாமா கம்பளத்திலிருந்து எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "முகத்தைப் பாக்காதேங்கோ, காலைப் பாருங்கோ. அவ்வளவு உடம்பை வைச்சுக்கொண்டு எப்பிடிப் பக்கவாட்டில நழுவுறான் பாருங்கோ. இடக்கையைப் பாருங்கோ, முதல் அதுதான் போகுது, தூரத்தை அளக்கிற மாதிரி." உண்மையாகவே இடக்கை போனது. டக், டக், டக். சிறியவன் கிட்ட வரவே முடியவில்லை. மூன்றாம் சுற்றில் கீழ்வீட்டு அன்ரி ரோல்ஸைக் கையில் பிடித்தபடி, "விடாத தம்பி, இடக்கையால குடு!" என்று கத்தினார். அன்ரியின் கணவர், "நீங்கள் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டதற்கு, "பெரியவன்ர பக்கம்தான், பாவமெல்லே அவன்!" என்றார். அறை இரண்டாகப் பிரிந்தது. மேல்வீட்டுச் சுவிஸ்காரி தரையில் தட்டினார். ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் மட்டும் கத்தவில்லை. இந்த ராட்சதனுக்குத் திறமை இருக்கிறது என்றால் எனக்கும் இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை நான் விசிலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசிச் சுற்றில் அவன் விழுந்தான். சிறியவனின் வலக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பெரிய அலுமாரி சரிவதுபோல் சரிந்தான். அப்பா கைதட்டி எழுந்தார். "பாத்தியோ!"

எழும்பினான். மறுபடி விழுந்தான். கயிற்றைப் பிடித்து மறுபடி எழும்பினான். முகமெல்லாம் இரத்தம், கால் தள்ளாடுகிறது, ஆனாலும் அந்த இடக்கை முன்னால் நீண்டுகொண்டுதான் இருந்தது. இன்னொருமுறை விழுந்து எழும்பியபோது அப்பாவும் அமர்ந்துவிட்டார். நடுவர் சண்டையை நிறுத்தினார். தோற்றவன் நின்றுகொண்டிருந்தான். அன்ரி கைலேஞ்சியை வெளியே எடுத்தார்.

பிறகு தேத்தண்ணியோடு வாதம் தொடர்ந்தது. தோற்றால் திறமை இல்லையென்று ஆகுமா, விழுந்து எழும்புவது திறமையா வெறும் பிடிவாதமா என்று மாலைவரை போனது. கடைசியில் அப்பா, "கதை வேண்டாம் மச்சான். கணக்குக் காட்டு. அந்த இடக்கை எத்தனை தரம் பட்டது, எத்தனை தரம் காத்தில போனது? அதைச் சொல்லு, நான் ஒத்துக்கொள்ளுறன்" என்றார்.

ஞாயிறு காலை நானும் மாமாவும் டெக்குக்கு முன்னால் இருந்தோம். மாமா பார்த்துச் சொல்ல, நான் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கீறினேன். பட்டதற்கு ஒரு பக்கம், படாததற்கு மறுபக்கம். சந்தேகம் வந்தால் பின்னால் சுழற்றி மறுபடி பார்ப்போம். அம்மா குசினியிலிருந்து, "தம்பி, அவளைக் கெடுக்காத, வீட்டுப்பாடம் கிடக்கு" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாம் சுற்று முடியும்போது பட்ட பக்கத்தில் முப்பத்தொரு கோடு, படாத பக்கத்தில் பதினான்கு. எனக்குப் பறக்கலாம் போலிருந்தது.

"அத்தான்! இஞ்ச வாங்கோ!"

அப்பா வந்து கொப்பியைப் பார்த்தார். வாத்தியார் கண். ஒரு கோட்டைத் தொட்டு, "இது பட்டதோ? காட்டு பாப்பம்" என்றார். காட்டினேன். நிறுத்தினேன். பின்னால் சுழற்றினேன். மறுபடி நிறுத்தினேன். ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ, டெக்குக்குள் கரகரவென்று ஒரு சத்தம். திரை முழுக்கப் புழுதி. வெளியே இழுத்த கசெட்டின் வாயிலிருந்து பழுப்பு நாடா கசங்கித் தொங்கியது.

அது எங்களுடையதுகூட இல்லை. நான் அழத் தொடங்கினேன். அப்பா கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாமாதான், "அழாத பிள்ளை, ஒட்டலாம்" என்றார். குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து, கருவிப்பெட்டியைத் திறந்தார். நான் அருகில் போனேன். "நீ கீழ உடுப்புத் தோய்க்கிற அறையில போய் அம்மாக்கு உதவி செய்" என்று அனுப்பிவிட்டார். நான் உடுப்புக்கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வர முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். அப்போது கசெட்டின் கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு முழம் போச்சு. பறவாயில்லை, ஆருக்கும் தெரியாது" என்றார். போட்டுப் பார்த்தோம். மூன்றாம் சுற்றின் நடுவில் ராட்சதன் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தாவினான், அவ்வளவுதான். கடைசிச் சுற்றுக்கு வருமுன் டெக் அண்ணை கதவைத் தட்டிவிட்டார். மறுநாள் மாமா அதை இத்தாலியரிடம் கொடுத்து எங்கள் கசெட்டைத் திருப்பி வாங்கிவந்தார்.

திங்கள் காலை ஆசிரியையிடம் போய், விளையாடுகிறேன் என்று சொன்னேன். அவர் சரி என்றார்.

தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, பக்கத்து வகுப்பின் மிகச் சின்னப் பெட்டை எறிந்த பந்து என் தோளில் பட்டது. ஜிம் முழுக்க ஆரவாரம். பெரியவள் விழுந்துவிட்டாள்! வெளிக்கோட்டில் போய் நின்றேன். ஆனால் எனக்கு ஒரு விசயம் தெரிந்திருந்தது, சனிக்கிழமைதான் பார்த்திருந்தேன். விழுந்தவன் எழும்பலாம். பந்து என்னிடம் வந்தபோது வேகமாக எறியவில்லை. இடக்கையை நீட்டி, அதன் நேருக்குத் தூரத்தை அளந்து, மெதுவாகக் காலைப் பார்த்து எறிந்தேன். பட்டது. உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன், மறுபடி வந்தேன். கடைசியில் எங்கள் வகுப்பு தோற்றது. ஆனால் எங்கள் பக்கத்தில் கடைசியாக நின்றது நான். அன்று ஒருவரும் வலிக்குது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடியே வந்தேன்.

புதன் பின்னேரம் அந்த இத்தாலியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி தக்காளி. கசெட்டைக் கெடுத்ததற்கு ஏச வந்திருக்கிறார் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் முதலில் எங்கள் படத்தைப் பற்றிக் கேட்டார். மூன்று மணித்தியாலம் குடும்பமாக இருந்து பார்த்தார்களாம், மனைவி அழுதாராம், படத்தில் வரும் அண்ணன் ஏன் கடைசியில் வீட்டைவிட்டுப் போனான் என்று மட்டும் விளங்கவில்லையாம். மாமா தான் கேள்விப்பட்ட கதையை வைத்துத் தன் ஜெர்மனில் விளக்கினார். பிறகு இத்தாலியர் குரலைத் தாழ்த்தினார். அவருடைய வயதான அப்பா அந்த ராட்சதனின் ஊர்க்காரர். அவருக்காகத்தான் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து வைத்தாராம். கிழவர் எப்போதும் கடைசிச் சுற்று வருமுன் எழுந்து வெளியே போய்விடுவாராம். இந்த முறை தற்செயலாகக் கதிரையிலேயே இருந்துவிட்டாராம். இருந்து பார்த்துவிட்டு, "இன்றைக்கு அவன் விழவில்லை" என்றாராம்.

இரண்டு பேரும் வெகுநேரம் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. இத்தாலியரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஏச்சு விழவில்லை என்ற சந்தோசம். நான் பழுதாக்கியதால் ஒரு கிழவர் சந்தோசப்பட்டிருக்கிறார் என்று ரகசியப் பெருமையும். அந்தத் தக்காளியில் அம்மா இரண்டு கிழமை குழம்பு வைத்தார்.

அப்படியே நம்பி இருபத்தைந்து வருடம் போய்விட்டது.

மாமா அதே தொழிற்சாலையில் அது மூடும்வரை பாரம் தூக்கினார். இப்போது பூம்ப்ளிஸ் என்ற வேறொரு ஊரில் இருக்கிறார், மருத்துவமனையில் கட்டில் தள்ளுகிறார். போன மாதம் சின்ன வீட்டுக்கு மாறியபோது கருவிப்பெட்டியை என் மகனிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு இனி என்னத்துக்கு, பெடியன் பென்சில் போட்டு வைக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து மகன் வெல்வெட்டைக் கிளப்பினான். அடியில் ஒரு பழைய புகைப்படச்சுருள் டப்பி. அதற்குள் இரண்டு நாடாத் துண்டுகள்.

ஒன்று கசங்கியது. விரித்தால் ஒரு முழம். என்னுடையது.

மற்றது ஒரு சுருக்கமும் இல்லாமல், கவனமாகச் சுற்றி வைத்திருந்தது. இரு நுனியும் அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல் நேராக இருந்தன. மகன் அதை நடையில் விரித்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். அவனைவிட ஒரு சாண் நீளம். நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் ஓடும் நாடா அது. அப்பாவின் மகள் அல்லவா, கணக்குப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு நிமிடம்.

டெக் கடித்தது மூன்றாம் சுற்றை. ராட்சதன் விழுந்தது கடைசிச் சுற்றில். இந்த இரண்டும் ஒரே இடமில்லை என்பது எனக்கு ஒன்பது வயதில் தோன்றவேயில்லை.

இன்னொன்றும் தோன்றவில்லை. அந்தச் சண்டையைப் பார்த்ததற்கு ஒரு கிழமைக்கு முன், சாப்பாட்டு மேசையில் மாமா ஒரு பகிடி சொன்னார். தொழிற்சாலையில் வரைபட அறையில் இடம் காலியாக இருக்குதாம், போய்க் கேட்டாராம். மேற்பார்வையாளர் எழுந்து வந்து அவர் தோளைக் கையால் அளந்து பார்த்து, "இந்தத் தோளை வைச்சுக்கொண்டு பென்சில் பிடிக்கப் போறியோ?" என்று கேட்டாராம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். மாமா சோற்றைப் பிசைந்தபடி தானும் சிரித்தார்.

அந்தக் கைகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில், அரை அங்குல நாடாவில், விழுந்த ஒரு நிமிடத்தை மட்டும் அப்படியே எடுத்துவிட்டு, வெட்டுத் தெரியாமல் பொருத்தியிருக்கின்றன. கிழவருக்காகவா, ராட்சதனுக்காகவா, தனக்காகவா? கேட்க வேண்டும் என்று மூன்று தரம் தொலைபேசியை எடுத்தேன். மூன்று தரமும், "சாப்பிட்டீங்களோ மாமா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

எனக்கு அவர்மேல் ஒரு சின்னக் கோபமும் இருக்கிறது. விழுந்ததை வெட்டினால் எழும்பியதும் அதோடு போய்விடுகிறதே. அந்த நிமிடத்தை நான் பார்த்திருக்காவிட்டால், அந்தத் திங்கட்கிழமை வெளிக்கோட்டிலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பிறகு, குனிந்து நிற்கச் சொன்ன நான் இதைச் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன்.

மகனை இங்குள்ள சிறுவர் மல்யுத்தக் குழுவில் சேர்க்கும்படி கிண்டர்கார்டனில் சொன்னார்கள். என் கணவர் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் அவனுக்கு முதல் போட்டி, மரத்தூள் பரப்பிய வட்டத்தில். மாமா பூம்ப்ளிஸிலிருந்து வருகிறாராம், கைபேசியில் படம் பிடிக்கப் போகிறாராம். "எடுத்து, வடிவா வெட்டி ஒட்டி அனுப்புறன் பிள்ளை" என்கிறார்.

வாசிக்கிறவர்களில் பெரிய உடம்போடு வளர்ந்தவர்களும், அப்படிப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் இருப்பீர்கள். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். மாமாவிடம் அந்தத் துண்டைப் பற்றிக் கேட்கட்டுமா, அல்லது டப்பியை மூடி வெல்வெட்டுக்கு அடியிலேயே வைத்துவிடட்டுமா? பழைய பொருட்கள் விற்கும் கடையில் ஒரு டெக் கிடக்கிறது, நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். துண்டை ஒரு பழைய கசெட்டில் ஒட்டி, போட்டிக்கு முன் மகனுக்குக் காட்டுவது நல்லதா, பயந்துவிடுவானா? அவன் தினமும் கிண்டர்கார்டன் விட்டு வந்ததும் அந்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்கிறான். எழுதுங்கள். போட்டிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.